கணக்கு ஒன்றாகட்டும், கதவு மூடவேண்டாம்!

ஊருக்கு ஒரு நூலகம். அந்த நூலகத்துக்கு ஒரு பூட்டு! பூட்டுக்குள்ளே புத்தகம், புத்தகத்தின் மேலே புழுதி! 2006ஆம் ஆண்டு அறிஞர் அண்ணாவின் பெயரால் தொடங்கிய மறுமலர்ச்சித் திட்டத்தில் ஊராட்சிதோறும் எழுந்த நூலகங்களில், பலவற்றின் கதி இன்று இதுதான்.

ஏன் இந்த நிலை? நூலகம் ஊராட்சியின் கையில். நூலக வரியோ மாவட்ட நூலக ஆணைக்குழுவின் கையில்! 1948இல் சென்னை மாகாணம் இயற்றிய பொது நூலகச் சட்டத்தின் வழிவந்த வரி அது. இன்று வீட்டு வரியில் ரூபாய்க்கு 10 காசு. மத்தூர் ஒன்றியத்து ஓட்டு வீட்டுக்காரனும் தருகிறான். ஓசூர் மாடி வீட்டுக்காரனும் தருகிறான். அந்தப் பணம் ஆணைக்குழுவின் கிளை நூலகங்களைக் காக்கிறது. ஊராட்சி நூலகமோ, ஊராட்சியின் மெலிந்த நிதியை நம்பி நிற்கிறது. வரி கட்டும் ஊருக்கு வாசிக்க வழியில்லை!

ஆகவே, இரண்டையும் இணைத்திடுக என்கிறோம். ஒரே கணக்கு, ஒரே கொள்முதல், ஒரே நூற்பட்டியல். மத்தூரில் இல்லாத நூல் கிருஷ்ணகிரியிலிருந்து வந்து சேரட்டும்.

'இணைப்பு' என்றதும் பாட்டாளியின் நெஞ்சு பதறும். நியாயமான பதற்றம்! இரண்டு ஆலை ஒன்றானால் எந்த வாயில் மூடப்படும், யார் வேலை போகும் என்று கேட்பவனல்லவா அவன்? நூலகத்திலும் அதையே கேட்கட்டும்!

அண்டையிலுள்ள கேரளத்தைப் பாருங்கள். 1945இல் அம்பலப்புழையில் பி. என். பணிக்கர் 47 ஊர் நூலகங்களைச் சேர்த்துச் சங்கம் கண்டார். 1977இல் அரசே அந்தச் சங்கத்தை ஏற்றது. 1989இல் சட்டம் செய்து, தேர்தல் வழியே அமையும் நூலகக் கவுன்சிலுக்கு வழி திறந்தது. மேலே நிர்வாகம் மாறியது, மீண்டும் மாறியது. கீழே, ஊர் நூலகத்துக்கு உறுப்பினரும் உண்டு, அவர்கள் தேர்ந்த குழுவும் உண்டு. வேர் ஊரிலே இருந்தது; அதனால் கிளை ஆயிரமாயிற்று!

எனவேதான் இணைப்புக்கு நாம் மூன்று நிபந்தனை வைக்கிறோம்.

ஒன்று: "பக்கத்து ஊரில் கிளை இருக்கிறதே" என்று காரணம் காட்டி, எந்த ஊர் நூலகத்தையும் மூடக்கூடாது. பேருந்துக்குக் காசில்லாத பிள்ளைக்குப் பக்கத்து ஊரும் தூர தேசம்தான்!

இரண்டு: சொற்ப ஊதியத்தில் நூலகத்தைக் காத்து வருவோரைக் கைவிடக்கூடாது. இணையும் நாளில் அவர்களும் இணைய வேண்டும்.

மூன்று: எந்த நூல் வாங்குவது, எந்த நேரம் திறப்பது என்பதில் ஊர் வாசகர் வட்டத்துக்கு உரிமை வேண்டும். ஷிப்டு முடித்து மாலையில் திரும்பும் தொழிலாளியைப் பூட்டிய கதவா வரவேற்பது? தமிழ் நூலோடு தெலுங்கும் கன்னடமும் கேட்கும் எல்லைப்புறத்து வாசகனின் தேவை, தொலைவிலிருக்கும் மேசைக்குத் தெரியுமா?

மாற்றம் வேண்டாம் என்பவன் பூட்டுக்குக் காவல் நிற்கிறான். எப்படியாவது மாற்று என்பவன் சாவியைத் தொலைக்கிறான். நாம் இருவருமல்லர்!

தோழர்களே! மே 1 தொழிலாளர் நாள். கிராம சபை கூடும் நாளும் அதுவே. இந்த மூன்று நிபந்தனைகளையும் தீர்மானமாக எழுதி எடுத்துச் செல்லுங்கள். ஊரார் கையொப்பத்தோடு நிறைவேற்றுங்கள். தேநீர்க் கடையிலும் முடிதிருத்தகத்திலும் ஏடு படித்து வளர்ந்த இயக்கம் இது. படிப்பகத்தின் கதவைத் திறந்து வைப்பது நம் கடமை!