னகரம் கடைசி எழுத்து, பிள்ளைகளா!

கம்ப்யூட்டர் வேலையில் இருக்கும் என் பழைய மாணவர்களுக்குத்தான் இது. மற்றவர்களும் படிக்கலாம்.

நம் பொம்மையார்பாளையம் பழைய மாணவர் பட்டியலை ஒரு பிள்ளை ஆசையாகச் செய்து தந்தான். ஆண்டைத் தொட்டால் வகுப்பு விரிகிறது, வகுப்பைத் தொட்டால் பெயர்கள். 'ட்ரீ வியூ' என்றான். அன்பழகனைக் கடைசியில் தேடினேன், இல்லை. "உன் அண்ணன் பெயர் விட்டுப்போச்சு" என்று தம்பிக்காரனிடம் சொல்லியும் விட்டேன். பார்த்தால் அமுதாவுக்கும் மேலே உட்கார்ந்திருக்கிறான்! அறிவழகனுக்குக் கீழே அலமேலு.

கேட்டால், "அது டிஃபால்ட் சார்."

என்னப்பா டிஃபால்ட்? யூனிகோடில் ந-வுக்கு அடுத்த எண் ன-வுக்கு, ர-வுக்கு அடுத்தது ற-வுக்கு. இஸ்கி 1988-இல் தேவநாகரியோடு ஒத்துப்போக வைத்த வரிசை அது. எண் வெறும் இருப்பிடம், அகரவரிசை அல்ல. தொல்காப்பியர் காலத்திலேயே னகரம்தான் கடைசி.

வழி இல்லாமலும் இல்லை. ஐ.சி.யூ. நூலகத்தில் தமிழ் வரிசை இருக்கிறது. க்யூட்டியில் மொழிப்படி அடுக்கும் வசதி அணைத்தே வருமாம், அதைப் போட்டுவிட வேண்டியதுதான். ஒன்றாம் வகுப்பில் எழுத்து வரிசை தப்பினால் நான் விட்டதில்லை. சம்பளம் வாங்கும்போது மட்டும் விடுவேனா?

தம்பி, ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வா. லேப்டாப்பையும் எடுத்து வா.