எஸ்டேட் பாதைக்கு எந்த டார்ச்?

1926 மே மாதம், ருத்ரபிரயாக். ஆட்கொல்லிச் சிறுத்தைக்காக மாமரத்தில் காத்திருந்த ஜிம் கார்பெட், துப்பாக்கியில் பொருத்தியிருந்த டார்ச்சை அழுத்தினார். ஒரே ஒரு மின்னல் வெளிச்சம், அதோடு அணைந்துவிட்டது! பேட்டரியை அவ்வப்போது சோதிக்க வேண்டும் என்பதே தனக்குத் தெரியாது என்று பின்னாளில் எழுதினார். குறி தப்பவில்லை. ஆனால், அது தெரியாமலே இருட்டில் மணிக்கணக்கில் உட்கார்ந்திருந்தார்.

நமக்குத் துப்பாக்கி வேண்டாம். ஆனால் கூடலூரில் யானை, குன்னூரில் காட்டெருமை, கோத்தகிரியில் கரடி. பொழுது சாய்ந்தபின் லைன் வீட்டுக்கு நடப்பவர்களுக்கு டார்ச் கட்டாயம். கம்மி பட்ஜெட்டில் எதைப் பார்த்து வாங்கலாம்?

லூமென்: பெட்டியில் பெரிதாகப் போட்டிருக்கும் இந்த எண், மொத்த வெளிச்சத்தின் அளவு மட்டுமே. எத்தனை மீட்டர் தூரம் அடிக்கும், எத்தனை மணி நேரம் எரியும் என்றும் பாருங்கள்.

மூடுபனி: ஹெட்லைட் கண்ணுக்குப் பக்கத்தில் இருப்பதால், பனியில் பட்ட வெளிச்சம் கண்ணையே கூசவைக்கும். கை டார்ச்சை இடுப்பளவில் பிடித்தால் பாதை தெளிவாகத் தெரியும்.

மழை: ஐபிஎக்ஸ்4 என்றிருந்தால் சாரலைத் தாங்கும்.

பேட்டரி: குளிரில் சீக்கிரம் இறங்கும். செல் மாற்றக்கூடிய மாடலே நல்லது. உபரி செல்லைச் சட்டையின் உள்பையில் வையுங்கள்.

யானை தெரிந்தால் முகத்தில் டார்ச் அடிக்காதீர்கள், சத்தமில்லாமல் பின்வாங்குங்கள். முக்கியமாக, தினமும் கிளம்பும் முன் ஒருமுறை எரியவிட்டுப் பாருங்கள். கார்பெட்டுக்கு ஒரு நொடி போதுமானதாக இருந்தது. நமக்கு வீடு வரைக்கும் வேண்டுமே!