நோயாளி எங்கே?

கடவுளை நம்பாத ஒருவன் மந்திரவாதம் செய்யலாமா? கேள்வி விளையாட்டாகத் தோன்றலாம். மந்திரம் என்றால் அதன் பின்னால் ஒரு தேவதை இருக்க வேண்டும், தேவதை இல்லையேல் மந்திரம் வெறும் முணுமுணுப்பு என்பதே நம்மவர் எண்ணம். ஆனால் மேனாடுகளில் இன்று இக்கேள்விக்கு ‘ஆம்’ என்று துணிந்து விடை கூறுவோர் உளர். அவர்கள் விளக்கேற்றுகிறார்கள், மூலிகை புகைக்கிறார்கள், பௌர்ணமி இரவிற் கூடிச் சில சொற்களை உச்சரிக்கிறார்கள், தெய்வமும் இல்லை, பேயும் இல்லை என்பதையும் அதே மூச்சிற் சொல்கிறார்கள். துயரை ஆற்றவும், மனத்தை ஒருமுகப்படுத்தவும், எடுத்த முடிவில் உறுதி கொள்ளவும் சடங்கு துணை செய்கிறது, அதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை என்பது அவர்களுடைய வாதம்.

இதைக் கேட்டு நகைப்பவர்களுக்கு ஒரு செய்தி. இங்கிலாந்தில் 1735ஆம் ஆண்டுச் சூனியச் சட்டம் 1951இல் நீக்கப்பட்டது. அடுத்து 1954இல் ஜெரால்ட் கார்ட்னர் என்பவர் சூனியத்தைப் பற்றி ஒரு நூலை வெளியிட்டார். மேனாட்டின் புதுச் சூனிய இயக்கத்துக்குத் தந்தை என்று அவரைச் சொல்வது வழக்கம். அவருக்குத் தேவனும் தேவியும் வேண்டியிருந்தனர். பின்வந்தோரில் ஒரு சாரார் அவ்விருவரையும் விலக்கிவிட்டனர். இந்தக் கார்ட்னர் தம் இளமைப் பருவத்தில், இருபதாம் நூற்றாண்டு பிறந்த வேளையில், நம் மலையகத்திலே மஸ்கெலியாப் பகுதித் தேயிலைத் தோட்டத்தில் வேலை பழகியவர். துரைமார் பங்களாவுக்கும் தொழிலாளர் லயத்துக்கும் இடையே இருந்த தூரம் அந்தஸ்தில் மிகப் பெரிது. உடுக்கொலிக்கோ அது ஒரு தூரமே அன்று.

ஆயினும் இங்கிலாந்தின் நவீன மந்திரவாதிகள் என் கவலைக்குரியவரல்லர். தெய்வத்தை நீக்கிவிட்டுச் சடங்கை வைத்துக்கொள்ளலாமா என்ற சோதனை நம் கண்டி மாநகரிலே நெடுங்காலமாக நடந்து வருகிறது. அதனைச் சோதனை என்று நாம் உணராதிருக்கிறோம், அவ்வளவுதான்.

மலைநாட்டுச் சிங்கள மக்களிடையே ‘கொஹொம்ப கங்காரிய’ என்றொரு பெருஞ்சடங்கு உண்டு. கொஹொம்ப என்பது வேம்பு. சடங்குக்கு மூலமாக உள்ள கதை நமக்கு அந்நியமானதன்று. விஜயன் குவேனியைக் கைவிட்டான். அவளுடைய சாபம் அவனுக்குப் பின் அரசேறிய பண்டுவாசுதேவன் மீது நோயாக இறங்கியது. மலரிற் பிறந்த மலய மன்னன் ஒருவனாலன்றி அந்நோய் தீராது. அவனை இலங்கைக்கு ஈர்ப்பதற்காக ராகு பன்றி வடிவெடுத்து அவனது பூங்காவை அழித்தான். பன்றியைத் துரத்தி வந்தான் மன்னன். கண்டிக்குத் தெற்கே நிற்கும் ஹந்தானை மலையிலே அப்பன்றி கல்லாயிற்று என்பர். பேராதனை மாணவர்கள் நாள்தோறும் அண்ணாந்து பார்க்கும் மலைதான். கைவிடப்பட்ட ஒரு பெண்ணின் துயர் அரசனுக்கு நோயாகிறது. அந்நோயைத் தீர்க்க ஊர் முழுவதும் விடிய விடிய ஆட வேண்டியிருக்கிறது. கதையை நம்புவது அவரவர் விருப்பம். அதன் உளவியல் உண்மையை மறுப்பது அவ்வளவு எளிதன்று.

சடங்கிலே தென்னங்குருத்தால் மண்டபம் அமைப்பார்கள். கெட்ட பெரய என்னும் மத்தளம் முழங்கும். பரம்பரையாக இத்தொழில் பூண்ட குடும்பத்தினர் ‘வெஸ்’ என்னும் தலையணியும் மணியாரமும் பூண்டு ஆடுவார்கள். இடையிடையே நகைச்சுவைக் காட்சிகளும் உண்டு. தெய்வங்கள்கூட அங்கே கேலிக்குத் தப்புவதில்லை. ஆனால் இவை யாவும் ஒருவரை நோக்கியே நிகழ்கின்றன. நோயாளியோ, நேர்த்தி வைத்த குடும்பமோ, பஞ்சத்துக்கும் கொள்ளை நோய்க்கும் அஞ்சிய ஊரோ அங்கே அமர்ந்திருக்க வேண்டும். அவர்களைச் சுற்றி உற்றார் உறவினர் உறங்காது விழித்திருக்க வேண்டும்.

இந்த வெஸ் ஆட்டம் தலதா மாளிகைப் பெரஹராவில் இடம்பெற்றதே இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிற்றான். அங்கிருந்து அது பாடசாலைக்கும் அரங்குக்கும் சென்றது. கண்டிய நடனம் என்ற பெயரில் நாட்டின் சின்னமாயிற்று. இன்று ஏரிக்கரையை அண்டிய மண்டபங்களில் மாலை வேளைகளில் உல்லாசப் பயணிகளுக்காக ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆடிக் காட்டுகிறார்கள். கரையோரச் சிங்களவரின் பேயாட்ட முகமூடிகளும் மலைநாட்டு மேடைக்கு வந்து சேர்கின்றன, இறுதியிலே தீமிதிப்பு. பயணிகள் படம் பிடித்துக்கொண்டு விடுதிக்குத் திரும்புகிறார்கள்.

அங்கே தெய்வம் இல்லை என்பதற்காக நான் வருந்தவில்லை. ஆட்டக்காரரின் பிழைப்பையும் குறை கூற மாட்டேன். சாதி காரணமாகப் பல தலைமுறை இழிவு சுமந்த ஒரு சமூகம் தன் கலைக்குக் கைதட்டும் கூலியும் பெறுவதை வெறுக்க எவருக்கும் உரிமையில்லை. என் கேள்வி வேறு. அந்த மண்டபத்திலே நோயாளி எங்கே? தெய்வத்தை நீக்கியவர்கள் அவசரத்தில் நோயாளியையும் சேர்த்தல்லவா நீக்கிவிட்டார்கள்! பேயை ஓட்டும் ஆட்டம் நடக்கிறது. பேய் பிடித்தவர் அங்கே எவருமில்லை.

‘கூத்தையும் அப்படித்தானே சுருக்கினார்கள்?’ என்று பேராதனையிற் பயின்றோர் கேட்கலாம். உண்மை. பேராசிரியர் சு. வித்தியானந்தன் விடிய விடிய ஆடப்பட்ட கூத்தை இரண்டு மணி நேரத்துக்குள் அடக்கிக் ‘கர்ணன் போர்’ முதலியவற்றை 1960களில் மேடையேற்றினார். தமிழ் நாடகம் அதனாற் பிழைத்தது. ஆனால் கூத்து கலை. அதனைக் காண்போன் ரசிகன்; இரண்டு மணி நேரத்திலும் அவனுக்கு வேண்டியது கிடைத்துவிடும். சடங்கோ சிகிச்சை. மருந்தை அழகிய குப்பியில் அடைத்து அலுமாரியில் வைத்துவிட்டு, வைத்தியத்தைக் காப்பாற்றிவிட்டோம் என்று சொல்ல முடியாது.

இதற்கு நேர் எதிரான வழியிற் சென்ற ஒருவரும் இந்நாட்டில் வாழ்ந்தார். ஆபிரகாம் கோவூர் திருவல்லாவிற் பிறந்து, 1928இல் யாழ்ப்பாணம் மத்திய கல்லூரிக்கு ஆசிரியராக வந்து, தாவரவியல் கற்பித்து, 1959இல் ஓய்வு பெற்றவர். பின் 1978இல் மறையும்வரை இலங்கைப் பகுத்தறிவாளர் சங்கத்தின் தலைவராக விளங்கியவர். மோசடிக்கு இடமில்லாத சோதனையில் அற்புதம் செய்து காட்டுவோருக்கு ஒரு இலட்சம் ரூபாய் தருவதாக 1963இல் அவர் விடுத்த அறைகூவலை நம் வாசகர்களில் மூத்தோர் நன்கறிவர். ஆனால் அறைகூவலை நினைவிற் கொண்டவர்கள் அவருடைய மறுபாதிப் பணியை மறந்துவிட்டார்கள். வீட்டின் மேல் கல் விழுகிறது, துணி தானாகத் தீப்பற்றுகிறது, மகளைப் பேய் பிடித்திருக்கிறது என்று அழைத்தால் கோவூர் போவார். வீட்டாரைத் தனித்தனியே அமர்த்திப் பேசுவார். பெரும்பாலும் கல்லெறிந்தவர் அவ்வீட்டிலேயே இருப்பார். வாய்விட்டுச் சொல்ல முடியாத துயரொன்றைச் சுமப்பவராக இருப்பார். அவரைத் திட்டாமல், அறிதுயிலில் ஆழ்த்தி, நம்பிக்கையூட்டும் சொற்களைச் சொல்லி, குடும்பத்தாரிடமும் செய்ய வேண்டியதைச் சொல்லிவிட்டு வருவார்.

இது மந்திரவாதமன்றி வேறென்ன? கண்ணை மூடச் செய்து, தாழ்ந்த குரலில், திரும்பத் திரும்ப ஒரே சொல்லைச் சொல்லித் துன்பத்தை அகற்றுவதைத்தானே பூசாரியும் செய்கிறார்? தேவதை மட்டும் இல்லை. கோவூரின் அன்பர்கள் இப்பெயரைக் கேட்டுச் சினங்கொள்ளக்கூடும். நான் இதனைப் புகழுரையாகவே கூறுகிறேன். கண்டி மேடை நோயாளியை விட்டுவிட்டு முகமூடியை வைத்துக்கொண்டது. கோவூர் முகமூடியை விட்டுவிட்டு நோயாளியை வைத்துக்கொண்டார்.

இங்கே ஒரு முட்டுக்கட்டை எழுகிறது. நம்பாதவன் நம்புகிறவனுக்குச் சடங்கு செய்வது பொய்யல்லவா? மானிடவியலாளர் பிரான்ஸ் போவாஸ் 1930இல் வெளியிட்ட ஒரு வரலாறு உண்டு. லெவி ஸ்திராஸ் 1949இல் எழுதிய கட்டுரையால் அது உலகறிந்ததாயிற்று. கனடாவின் மேற்குக் கரைப் பழங்குடியைச் சேர்ந்த குவெசாலித் என்பவன் மந்திரவாதிகளின் மோசடியை அம்பலப்படுத்தவே அவர்களிடம் சீடனாகச் சேர்ந்தான். வாயில் ஒரு சிறு இறகுக் கற்றையை மறைத்து, நாவைக் கடித்துக் குருதியில் நனைத்து, ‘இதோ உன் நோய்’ என்று உமிழ்ந்து காட்டும் தந்திரத்தைக் கற்றான். முதன்முதல் அழைக்கப்பட்ட இடத்திலேயே நோயாளி குணமடைந்தான்! புகழ் வளர்ந்தது. தந்திரம் என்று தெரிந்தே குவெசாலித் அத்தொழிலைத் தொடர்ந்தான். நம் ஊர்க் கோடாங்கிகளுள்ளும் இப்படிப்பட்ட குவெசாலித்துகள் இல்லையென்று எவர் துணிந்து சொல்வார்?

குவெசாலித்தின் பொய் இன்றியமையாததா என்பதே கேள்வி. அமெரிக்காவின் ஹார்வார்ட் மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த டெட் காப்சக்கும் அவருடைய குழுவினரும் 2010இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். தீராத குடற்கோளாறால் வருந்திய 80 பேர் அதிற் பங்கு கொண்டனர். ஒரு பாதியினருக்கு மாத்திரை கொடுத்து, ‘இதில் மருந்தேதும் இல்லை’ என்று வெளிப்படையாகவே கூறினர். தவறாது உட்கொள்ளும்படி மட்டும் கேட்டனர். மறுபாதியினருக்கு மாத்திரை இல்லை. ஆனால் அதே கனிவான கவனிப்புக் கிடைத்தது. மூன்று வாரத்தில் வெற்று மாத்திரை உண்டவர்களில் 59 சதவீதத்தினர் போதிய நிவாரணம் கண்டதாகக் கூறினர். மற்றவர்களில் 35 சதவீதத்தினர். இதனால் புற்றுநோய் கரையாது, முறிந்த எலும்பு கூடாது. நோயாளி உணரும் துன்பம் தணிந்தது, அவ்வளவே. ஆனால் பொய் சொல்லாமலே சடங்கு ஓரளவு வேலை செய்கிறது என்பதற்கு இஃதொரு நல்ல சான்று. மருந்தில்லாத மாத்திரையைக் காலையும் மாலையும் முறையாக விழுங்குவது சடங்கு அல்லாமல் வேறு யாது?

இனி நம் தோட்டங்களுக்கு வருவோம். கண்டியைச் சூழ்ந்த மலைகளில் நம்மவர் தெய்வங்களைத் தேவைக்கேற்பப் படைத்துக்கொள்ளத் தயங்கியதில்லை. தொழிற்சாலைச் சக்கரம் கையைப் பறிக்காதிருக்க ரோதை முனி. கவ்வாத்து வெட்டும்போது கத்தி காலிற் படாதிருக்கக் கவ்வாத்துச் சாமி. பாதுகாப்பும் வைத்தியமும் அரிதாயிருந்த இடத்தில் தெய்வம் அவ்வேலையைப் பார்த்தது. அவ்வாறே மனநோய்க்குக் கோடாங்கி. உடுக்கு முழங்கும், வேப்பிலை அசையும், கூந்தல் அவிழ்ந்த பெண் ஆடத் தொடங்குவாள். கோடாங்கி கேட்பார்: ‘நீ யார்? எங்கிருந்து வந்தாய்? உனக்கு என்ன வேண்டும்?’

இம்மூன்று கேள்விகளையும் அப்பெண்ணிடம் அதற்கு முன் யார் கேட்டார்கள்? மலையில் நின்று கொழுந்து பறித்து, வீடு வந்து அடுப்பூதி, கணவனின் குடிக்கும் மாமியின் சொல்லுக்கும் ஈடுகொடுத்த அவள் தன் பெயராற் பேசினால் வாயாடி என்பார்கள். பேயின் பெயராற் பேசினால் ஊரே கைகட்டிக் கேட்கிறது. கோடாங்கியின் வல்லமை முழுவதும் அந்தக் கேட்டலில் அடங்கியிருக்கிறது என்பது என் துணிபு. தெய்வத்தை எடுத்துவிட்டாலும் அந்தக் கேட்டல் எஞ்சும்.

எல்லாவற்றையும் எஞ்ச விடவேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. பிரம்படி, சூடு போடுதல், மிளகாய்ப் புகை முதலிய கொடுமைகளை ஒரு நாளும் ஒப்ப முடியாது. அவற்றினும் கொடியது ‘செய்வினை வைத்தவர் யார்?’ என்ற கேள்வி. அது ஒருவரின் நோயை ஆற்ற இன்னொருவர் மீது பழி சுமத்துகிறது. பெரும்பாலும் அயல் லயத்து விதவையோ, கடன் கொடுத்தவரோ, பிற சாதியினரோ அதற்கு அகப்படுகிறார்கள். ஐரோப்பாவில் இக்கேள்வி பல பதினாயிரம் உயிர்களைக் குடித்தது. மகாராட்டிரத்தில் இதனை எதிர்த்துச் சட்டம் கேட்டுப் போராடிய நரேந்திர தபோல்கர் 2013 ஆகஸ்ட் மாதம் பூனா நகரிற் சுட்டுக் கொல்லப்பட்டார். சட்டம் அவ்வாண்டின் இறுதியில் நிறைவேறியது. தெய்வத்தை நீக்கிய மந்திரவாதிகளும் இந்தப் பகைவன் தேடும் வழக்கத்தை அடியோடு விட்டால்தான் அவர்களுடைய தொழிலை நான் நாகரிகம் என்று ஏற்பேன். மேனாட்டாரின் மந்திர நூல்களிலும் பகைவனைக் கட்டும் பகுதி இன்னும் இருக்கத்தான் செய்கிறது.

பேயென்று கூறப்படும் நோயிற் பலவற்றுக்கு இன்று மருந்துண்டு. பேராதனையிலும் கண்டியிலும் மனநல மருத்துவர் உளர். அவர்களிடம் போவதைத் தடுக்கும் எந்தச் சடங்கும் தீதே. ஆனால் மருத்துவமனையில் நோயாளி தனியாக அமர்ந்திருக்கிறாள். தனக்குப் பழக்கமில்லாத மொழியிற் கேட்கப்படும் கேள்விக்கு ஒரு சில நிமிடங்களில் விடை கூற வேண்டியவளாகவும் இருக்கிறாள். கங்காரிய மண்டபத்திலோ, கோடாங்கியின் முன்றிலிலோ அவளுக்காக நாற்பது பேர் உறக்கம் துறந்தார்கள். இவ்விரண்டையும் சேர்த்து வைக்கும் அறிவு நமக்கு வரவேண்டும். அதற்குத் தோட்டப் பாடசாலை ஆசிரியரே தகுந்தவர் என்று கருதுகிறேன். மொழியறிந்தவர், குடும்பமறிந்தவர், எழுதவும் தெரிந்தவர். அடுத்த முறை லயத்தில் உடுக்கு முழங்கும்போது அவர் மூடநம்பிக்கை என்று கதவைச் சாத்திக்கொள்ளாமல், ஒரு மூலையிற் சென்று அமரட்டும். பேய் வேண்டுபவற்றை நான் கேட்டிருக்கிறேன்: ஒரு சேலை, ஒரு வேளை கறிச்சோறு, தாய் வீட்டுக்கு ஒரு முறை போய்வர அனுமதி. ஆசிரியர் அவற்றைக் குறித்துக்கொண்டு, மறுநாள் மாலை அந்தக் கணவனிடம் கொண்டுபோய்ப் படித்துக் காட்டட்டும்.