திருட்டுப் படியும் ஏகபோக எதிர்ப்பும்

விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான ஆதரவை மைக்ரோசாப்ட் 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு முடித்துக்கொண்டது. அடுத்த பதிப்போ, டிபிஎம் 2.0 பாதுகாப்பு வசதி இல்லாத பழைய கணினிகளை முறைப்படி ஏற்பதில்லை. நன்றாக ஓடும் பொறியை ஒதுக்கிவிட்டுப் புதியது வாங்கு என்பதே இதன் பொருள்.

புனேயில் கட்சி ஆவணங்களைத் தமிழாக்கும் நான், ஐம்பதைக் கடந்த வயதில் உபுண்டு லினக்ஸுக்கு மாறினேன். நிறுவாமலே பென்டிரைவிலிருந்து இயக்கிப் பார்க்கலாம் என்பது தயக்கத்தைப் போக்கிற்று. ஒரு வாரம் அவ்வாறு பழகி, கோப்புகளை வேறிடத்தில் படியெடுத்து வைத்த பின்னரே நிறுவினேன். லிப்ரே ஆபீஸ் இரண்டே நாளில் கைவந்தது.

இடர் வேறிடத்தில் இருந்தது. விலைகொடுத்து வாங்கிய ஒரு தட்டச்சுச் செயலியில், யூனிகோடுக்கு முந்தைய குறியேற்றத்தில், பல்லாண்டுகள் எழுதியிருந்தேன். அச்செயலி இங்கே இயங்கவில்லை. அதன் எழுத்துரு இல்லாததால் மாநாட்டுத் தீர்மானங்கள் பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரிந்தன. உழைப்பாளியின் விளைபொருள் அவனுக்கே அந்நியமாவதைப் பற்றி எத்தனை பக்கம் மொழிபெயர்த்திருப்பேன்! இப்போது மாற்றிச் செயலி கொண்டு அவற்றை யூனிகோடாக்கி, ஒவ்வொன்றாக மெய்ப்புப் பார்த்து வருகிறேன். கொம்பும் காலும் இன்னும் சில இடங்களில் பிறழ்கின்றன. தமிழ்99 விசைப்பலகைக்கு விரல்கள் பணிய ஒரு மாதம் ஆயிற்று.

இந்நகரைத் தலைமையிடமாகக் கொண்ட சி-டாக் நிறுவனம் பாஸ் என்னும் லினக்ஸ் பதிப்பை 2007இல் வெளியிட்டது. ஆனால் நாம் கற்க வேண்டியது கேரளத்திடம். அங்கே அரசுப் பள்ளிகளின் கணினிக் கல்வி கட்டற்ற மென்பொருளிலேயே நடைபெறுகிறது. ஆசிரியர்களுக்கு முறையான பயிற்சியும் அளிக்கப்பட்டது. மென்பொருளைத் தருவது எளிது, பழக்குவதே இயக்கப் பணி.

லினக்ஸ் சோசலிசம் அன்று. கூகுளும் அமேசானும் அதன்மீதே இலாபம் ஈட்டுகின்றன. எனினும் ஏகபோகத்தை எதிர்த்து நாம் எழுதும் துண்டறிக்கை உரிமமற்ற விண்டோஸ் படியில் தட்டச்சாவது நமக்குப் பெருமையன்று. திருட்டுப் படியால் அந்நிறுவனத்துக்கு முழு இழப்புமில்லை: பழக்கம் அவர்களிடமே தங்கிவிடுகிறது.

மாவட்டக் குழுவுக்கு ஒரு கணினி, கற்றுத்தர ஓர் இளந்தோழர் எனத் தொடங்கலாம். முதல் வேலையாகப் பழைய எழுத்துருக் கோப்புகளை யூனிகோடாக்குங்கள். அச்சகம் பேஜ்மேக்கர் கேட்குமிடத்தில் ஒரு பழைய கணினியை அப்படியே விட்டுவைக்கலாம். இணையத்தில் மட்டும் இணைக்க வேண்டாம்.