வற்றுவது எண்ணெயா, ஏழையின் அடுப்பா?

உலகில் எண்ணெய் வற்றிக்கொண்டு வருகிறது; அதனால்தான் நாடுகள் அடித்துக்கொள்கின்றன; அதனால்தான் விலை ஏறுகிறது; ஆகவே மக்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். மேற்கே எங்காவது குண்டு வெடிக்கும்போதெல்லாம் இந்தப் பாட்டைப் பாடுகிறார்கள். மேடையில் பேசுவோரும் பாடுகிறார்கள். பெரிய பத்திரிகைகளும் பாடுகின்றன. ஆண்டாப் ஹில் ரேஷன் கடை வரிசையில் நிற்கும் நம் தாய்மார்களும் பெருமூச்சோடு அதையே திருப்பிச் சொல்கிறார்கள். இதில் உண்மை எவ்வளவு, புரட்டு எவ்வளவு? உழைத்துப் பிழைக்க வந்த நாம் ஆராய்ந்து பார்க்கக் கடமைப்பட்டிருக்கிறோம். எண்ணெயை ஒட்டி நடந்த போர்களில் தமிழன் பலமுறை விலை கொடுத்திருக்கிறான்.

நம் பகுதிக்குக் கிழக்கே, உப்பளங்களுக்கு அப்பால், மாகுலில் இரண்டு பெரிய சுத்திகரிப்பு ஆலைகள் நிற்கின்றன. அவற்றில் ஒன்று இன்று பாரத் பெட்ரோலியம். 1955-ல் தொடங்கியபோது அது பர்மா ஷெல். அந்தப் பெயரில் உள்ள பர்மா, பர்மா ஆயில் கம்பெனியைக் குறிக்கும். 1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் என்ற ஜெர்மானியப் போர்க்கப்பல் சென்னைத் துறைமுகத்தில் குண்டு வீசி எரித்தது இந்தக் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைத்தான். அன்று உலகில் எண்ணெய் வற்றியா போயிற்று? இல்லை. எதிரியின் கையில் உள்ள எண்ணெயை எரிப்பதும் பறிப்பதும் போரின் முறையாகிவிட்டது. அஞ்சிய சென்னை மக்கள் ஊரைக் காலி செய்து ஓடினார்கள். எம்டன் என்பது தமிழில் ஒரு சொல்லாகவே தங்கிவிட்டது.

எண்ணெய்க்கும் ஆதிக்கத்துக்கும் உள்ள உறவை 1960-ல் நம் நாடே நேரில் கண்டது. சோவியத் நாடு மலிவு விலையில், அதுவும் ரூபாய்க்கே, கச்சா எண்ணெய் தர முன்வந்தது. பர்மா ஷெல், ஸ்டான்வாக், கால்டெக்ஸ் ஆகிய மூன்று அந்நியக் கம்பெனிகளும் அதைத் தங்கள் ஆலைகளில் சுத்திகரிக்க மறுத்துவிட்டன. விற்க ஒருவன் இருந்தான். வாங்க நாடு இருந்தது. ஆலையும் நம் மண்ணில் இருந்தது. சாவி மட்டும் அந்நியன் இடுப்பில் இருந்தது.

பற்றாக்குறை போரை மூட்டியதே இல்லையா என்று கேட்கலாம். மூட்டியிருக்கிறது. 1941-ல் ஜப்பான் தன் எண்ணெயில் பெரும்பகுதியை அமெரிக்காவிடமிருந்தே வாங்கி வந்தது. சீனத்திலும் இந்தோசீனத்திலும் அது நடத்திய ஆக்கிரமிப்பைக் காரணம் காட்டி அமெரிக்கா விற்பனையை நிறுத்தியது. சுமத்ரா, போர்னியோ கிணறுகளைக் குறிவைத்து ஜப்பானியப் படை தெற்கே பாய்ந்தது. வழியில் மலேயா வீழ்ந்தது. அங்கே ரப்பர் தோட்டங்களில் பாடுபட்ட நம் மக்கள் பல்லாயிரம் பேர் சயாம்-பர்மா ரயில் பாதை போட இழுத்துச் செல்லப்பட்டுக் காலராவிலும் பட்டினியிலும் மாண்டார்கள். அந்தப் பற்றாக்குறையும் பூமித்தாய் தந்ததல்ல. ஒருவன் குழாயை மூடினான். மற்றவன் அடுத்தவன் வீட்டுக் குழாயைப் பறிக்கப் போனான். நடுவில் செத்தவன் தோட்டத் தொழிலாளி.

1990-ல் நடந்தது இதற்கு நேர் தலைகீழ். ஈரானோடு எட்டாண்டு போரிட்டுக் கடனில் மூழ்கியிருந்தது ஈராக். குவைத் தன் பங்குக்கு மேல் எண்ணெய் எடுத்துச் சந்தையில் கொட்டி விலையைச் சரிக்கிறது என்பது சதாம் உசேன் சொன்ன குற்றச்சாட்டு. எல்லையில் உள்ள ருமைலா வயலில் எங்கள் எண்ணெயைத் திருடுகிறார்கள் என்பது மற்றொன்று. ஆகஸ்ட் 2 அன்று படை குவைத்துக்குள் புகுந்தது. எண்ணெய் குறைந்ததற்கு அல்ல, மிதமிஞ்சி வந்ததற்கு மூண்ட சண்டை அது! எண்ணெய் வற்றினால்தான் போர் என்று ஓதுகிறவர்கள் இதற்கு என்ன பதில் சொல்வார்கள்?

அந்தப் போரின் கணக்கு நம் வாசலுக்கு வந்தது. குவைத்தில் அப்போது ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் இருந்தார்கள். பாலைவனம் கடந்து ஜோர்டானின் அம்மான் நகரை அடைந்தவர்களை ஏர் இந்தியா 59 நாட்களில் 488 முறை பறந்து மீட்டு வந்தது. பலர் பம்பாயில் வந்து இறங்கியபோது கையில் ஒரு பைதான் இருந்தது. சேமிப்பு குவைத் வங்கியில். பாஸ்போர்ட் பலருக்கு முதலாளியின் பெட்டியில். ஊருக்கு அனுப்பும் பணம் நின்றது. வாங்கிய கடனுக்கு வட்டி நிற்கவில்லை.

எண்ணெய்த் தட்டுப்பாடு ஒரு நாட்டின் பொருளாதாரத்தையே சாய்க்குமா? சாய்க்கும். ஆனால் எப்படிச் சாய்க்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். 1990-ல் எண்ணெய் விலை சில மாதங்களில் இரண்டு மடங்குக்கு மேல் ஏறியது. வளைகுடாவிலிருந்து வரும் பணமும் குறைந்தது. ஏற்கெனவே கடன் சுமந்திருந்த இந்திய அரசிடம் சில வாரத்து இறக்குமதிக்கு மட்டுமே அந்நியச் செலாவணி மிஞ்சியது. 1991 ஜூலையில் பம்பாய் ரிசர்வ் வங்கிப் பெட்டகத்திலிருந்து 47 டன் தங்கத்தை விமானமேற்றி அனுப்பி, இங்கிலாந்து வங்கியிடமும் ஜப்பான் வங்கியிடமும் அடகு வைத்தார்கள். தாலியை அடகு வைத்து அரிசி வாங்கும் குடும்பத்தின் நிலைதான் அன்று தேசத்துக்கும்.

2022-ல் இலங்கை இதே பள்ளத்தில் விழுந்தது. உலகச் சந்தையில் எண்ணெய் கிடைத்தது; கொழும்பிடம் டாலர் இல்லை. எரிபொருள் வரிசையில் நின்ற முதியவர்கள் நின்ற இடத்திலேயே உயிர் விட்டார்கள். அந்த ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லிட்டர் 87 ரூபாயிலிருந்து ஒரேயடியாக 340 ரூபாய் ஆக்கப்பட்டது. படகுக்கு மண்ணெண்ணெய் ஊற்றும் வடபகுதித் தமிழ் மீனவன் கடலுக்குப் போக முடியாமல் கரையில் உட்கார்ந்தான். வற்றியது டாலர், காய்ந்தது அவன் உலை.

எண்ணெய் அள்ள அள்ளக் குறையாதது என்று நாம் சொல்லவில்லை. மும்பைக் கடலில் 1974-ல் கண்டுபிடித்து 1976-ல் எடுக்கத் தொடங்கிய பாம்பே ஹை வயலே சாட்சி. 1980களில் அது நாளொன்றுக்கு 4 இலட்சம் பீப்பாய்க்கு மேல் தந்தது; பிறகு சரிந்து பாதிக்கும் கீழே போய்விட்டது. இந்தியா தன் தேவையில் 85 விழுக்காட்டுக்கு மேல் வெளியிலிருந்து வாங்கும் நிலைக்கு வந்துவிட்டது. ஆனால் கிணறு மெல்ல மெல்லக் குறைவது வேறு. அந்தக் குறைவைக் காட்டி நம்மிடம் பறிப்பது வேறு.

அதற்குச் சான்று 2020. ஊரடங்கால் உலகில் எண்ணெய் வாங்க ஆளில்லை. ஏப்ரல் 20 அன்று அமெரிக்கச் சந்தையில் விலை பூஜ்யத்துக்கும் கீழே போயிற்று. எடுத்துப் போகிறவனுக்குப் பணம் தருவதாகச் சொன்னார்கள்! நமக்கு விலை குறைந்ததா? மே மாதத் தொடக்கத்தில் மத்திய அரசு பெட்ரோலுக்கு லிட்டருக்கு 10 ரூபாயும் டீசலுக்கு 13 ரூபாயும் வரியை ஏற்றியது. நாக்காவில் வேலை கிடைக்காமல் நம் மக்கள் தவித்த மாதம் அது. 2016 முதல் சிறிது சிறிதாக விலை ஏற்றி வந்த ரேஷன் மண்ணெண்ணெயின் மானியமும் அதே 2020-ல் முற்றாக ஒழிந்தது. உக்ரைன் போருக்குப் பின் ரஷ்ய எண்ணெய் தள்ளுபடியில் வந்து குவிந்தது. 2022 ஜூலை முதல் 2024 மார்ச் வரை மும்பையில் பெட்ரோல் விலை 106 ரூபாய் 31 காசிலிருந்து அசையவில்லை. எண்ணெய் ஏறினால் நம் தலையில். இறங்கினால் அவர்கள் கல்லாவில். இதுதான் கணக்கு.

ஆகவே நம் முடிவு தெளிவு. எண்ணெயின் குறைவு தானாகப் போரை மூட்டுவதில்லை. குழாயின் பிடி யார் கையில், விலையை வைப்பவன் யார் என்ற போட்டி மூட்டுகிறது. எண்ணெயின் விலையேற்றம் நாடுகளைச் சாய்ப்பது மெய். அந்தச் சாய்வில் அடியில் நசுங்குபவன் உழைப்பாளி என்பதும் மெய்.

எஸ்ஸோவை 1974-லும் பர்மா ஷெல்லை 1976-லும் நாடு தன் கையில் எடுத்துக்கொண்டது சரியான செயல். பாரத் பெட்ரோலியத்தை விற்க 2019-ல் மத்திய அமைச்சரவை முடிவெடுத்து, 2022-ல் அதைக் கைவிட்டது. கைவிட்டது திரும்ப முளைக்கலாம். விழிப்பாக இருக்க வேண்டும். ஆலை அரசிடம் இருந்தால் மட்டும் போதாது. கச்சா எண்ணெய் இறங்கும்போது பம்பிலும் விலை இறங்க வேண்டும். கேஸ் சிலிண்டர் நிரப்ப முடியாத குடும்பங்களுக்கு ரேஷனில் மலிவு எரிபொருள் தர வேண்டும். ஓட்டுக் கேட்டு நம் சால்களுக்கு வரும் ஒவ்வொரு கட்சிக்காரரிடமும் இதைக் கேளுங்கள்.

வளைகுடாவில் பிள்ளைகள் உழைக்கும் குடும்பங்களுக்கு இன்னொரு வார்த்தை. குவைத்திலிருந்து விரட்டப்பட்டவர்களுக்கு ஈராக்கின் எண்ணெய் வருமானத்திலிருந்து இழப்பீடு தர ஐக்கிய நாடுகள் சபை 1991-ல் ஓர் ஆணையம் அமைத்தது. அங்கிருந்து வெளியேறியதற்கு ஆதாரம் காட்டியவர்கள் ஆயிரக்கணக்கான டாலர் பெற்றார்கள். ஒரு துண்டுக் காகிதம் ஒரு குடும்பத்தைத் தூக்கி நிறுத்தியது. பாஸ்போர்ட், விசா, வேலை ஒப்பந்தம், சம்பளச் சீட்டு ஆகியவற்றின் நகல்களை வீட்டில் வையுங்கள். போய்ச் சேர்ந்ததும் இந்தியத் தூதரகத்தில் பெயரைப் பதியச் சொல்லுங்கள். வல்லரசுகளின் போரை நாம் நிறுத்திவிட முடியாமல் இருக்கலாம். அந்தப் போரில் நம் பிள்ளை கேட்பாரற்றுப் போகாமல் காப்பது நம்மால் முடியும்.

எண்ணெய் வற்றுகிறது என்று இனி யாராவது சொன்னால், யாருக்கு வற்றுகிறது, யாருக்குப் பெருகுகிறது என்று திருப்பிக் கேட்போம்!