ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர்... நரம்புக்கும் டெட்லைன் இருக்கு!

2022-ல் இந்தியச் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் சுமார் 44% பேர் டூ வீலரில் போனவர்கள். உயிர் பிழைத்தும் கையைத் தூக்க முடியாமல் போனவர்கள் இந்தக் கணக்கில் இல்லை.

பைக்கிலிருந்து விழுந்து தோள் தரையில் மோதினால், கழுத்திலிருந்து கைக்குப் போகும் நரம்புகள் அறுந்துபோகலாம். 'அவ்ளோதான்'னு நினைக்காதீங்க. தண்டுவடம் மாதிரி இல்லாமல், கை நரம்பு திரும்ப வளரும். ஷ்வான் செல்கள் சிதைந்த இழைகளை அகற்றி, புது இழைக்குப் பாதை போடும்.

ஆனா வேகம் நாளைக்கு சுமார் 1 மி.மீ.தான்! தோளிலிருந்து உள்ளங்கைக்கு 60 செ.மீ.ன்னா, 20 மாசம். நரம்பில்லாத தசையோ ஒன்றரை வருஷத்துக்குள் மீட்க முடியாத அளவுக்கு வீணாகிடலாம்.

அதனால 'தானா சரியாகிடும்'னு மாசக்கணக்கில் காத்திருக்காதீங்க. விபத்துக்குப் பிறகு கை மரத்தோ அசையாமலோ இருந்தா, 'நரம்பு நல்லாயிருக்கா?'ன்னு டாக்டரிடம் அன்னிக்கே கேளுங்க.