பின்வாங்கத் தெரிந்த தளபதி

மார்பிலே தாங்கிய காயத்தை விழுப்புண் என்று போற்றியும், முதுகிலே பட்ட காயத்துக்கு நாணி வடக்கிருந்து உயிர் நீத்த மன்னனைப் பாடியும் வளர்ந்த சமூகத்தில், எதிரி நெருங்கி வந்த வேளையில் தன் படையை விலக்கிக்கொண்டு போன ஒரு தளபதியைப் புகழ முற்படுவது வழக்கத்துக்கு மாறான காரியந்தான். ஆயினும் திருவள்ளுவர், படைச்செருக்கைப் பற்றிப் பேசுவதற்கு வெகு முன்னரே, வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்று மூன்று அதிகாரங்களை அடுத்தடுத்து வகுத்திருக்கிறார். அந்த மூன்றையும் தம் உத்தியோக வாழ்க்கையில் பெரும் விலை கொடுத்துக் கற்றவர் என்று பிரிட்டிஷ் கப்பற்படையின் அட்மிரல் சர் ஜேம்ஸ் சோமர்வில்லை நான் கருதுகிறேன். யுத்தம் என்றாலே பாய்ந்து தாக்குவதுதான் என்ற அபிப்பிராயம் மேடைதோறும் ஓங்கி ஒலிக்கும் இந்நாளில், அவருடைய சரித்திரம் நாம் ஊன்றிப் படிக்கத் தக்கது.

1882-ஆம் ஆண்டு பிறந்து, 1897-இல் பயிற்சி மாணவராகக் கப்பற்படையில் சேர்ந்த சோமர்வில், கம்பியில்லாத் தந்தித் துறையில் நிபுணராகி, முதல் உலக யுத்தத்தில் கல்லிப்போலிக் கரையில் ஆற்றிய சேவைக்காக விருது பெற்றவர். 1938-இல், திருகோணமலையைத் தளமாகக் கொண்ட கிழக்கிந்தியப் படைப்பிரிவின் பிரதம தளபதியானார். மறு ஆண்டே, காசநோய் என்று வைத்தியர்கள் சந்தேகித்ததனால், ஓய்வு கொடுத்து அனுப்பப்பட்டார். யுத்தம் மூண்டதும் மீண்டும் பணிக்கு வந்து, ராடார் கருவிகளின் வளர்ச்சிக்கு உழைத்து, 1940-இல் டன்கர்க்கிலிருந்து துருப்புகளை மீட்ட நாட்களில் டோவர் துறைமுகத்தில் அட்மிரல் ராம்சேக்குத் துணை நின்றார்.

அதன் பின்னர் ஜிப்ரால்டரில் ஒரு படைப்பிரிவின் தலைமையை ஏற்ற சில தினங்களிலேயே, எந்தத் தளபதிக்கும் வாய்க்கக் கூடாத ஒரு கட்டளை அவருக்கு வந்து சேர்ந்தது. பிரான்ஸ் சரணடைந்துவிட்டது, அதன் யுத்தக் கப்பல்கள் ஜெர்மானியர் வசம் போய்விடக் கூடும் என்று அஞ்சிய லண்டன் மந்திரிசபை, அல்ஜீரியாவில் ஓரான் நகருக்கு அருகே மெர்ஸ்-எல்-கெபீர் துறைமுகத்தில் நின்ற கப்பல்கள் இணங்காவிட்டால் அவற்றைச் சுட்டு அழிக்கும்படி ஆக்ஞையிட்டது. நேற்றுவரை தோழராக இருந்தவர்கள்மேல் பலாத்காரம் கூடாதென்று சோமர்வில் எடுத்துச் சொல்லியும் பயனில்லை. 1940 ஜூலை 3-ஆம் தேதி காலை முதல், பிரெஞ்சு மொழி நன்கறிந்த ஓர் அதிகாரியைத் தூதனுப்பி, கெடுவை நீட்டி நீட்டிப் பொழுதைக் கடத்தியவர், மாலை ஆறு மணிக்குச் சற்று முன்பு சுடுவதற்கு உத்தரவிட்டார். பிரெத்தாஞ் என்ற கப்பல் வெடித்துக் கவிழ்ந்தது. 1,297 பிரெஞ்சு மாலுமிகள் மாண்டனர். அந்தச் செயலுக்காகத் தாம் வெட்கப்படுவதை அவர் தம் மனைவிக்கு எழுதிய கடிதத்தில் மறைக்கவில்லை. கட்டளையை நிறைவேற்றினார் என்பதனால் அவரைக் குற்றமற்றவர் என்று நான் சொல்ல மாட்டேன்; ஆனால் செய்த காரியத்தைப் பெருமையாகப் பேசாத மனச்சாட்சி அவரிடம் இருந்தது என்பதையும் சொல்லியே ஆக வேண்டும்.

அதே ஆண்டு நவம்பர் 27-ஆம் தேதி, வர்த்தகக் கப்பல்களைப் பாதுகாத்துக்கொண்டு கிழக்கே சென்ற அவருக்கு, சார்டீனியாவின் தென்கடலில் இத்தாலியக் கப்பற்படை எதிர்ப்பட்டது. ஏறக்குறைய ஒரு மணி நேரம் சண்டை நடந்தது. இத்தாலியர் தம் கரையை நோக்கி விரைந்தனர். துரத்திச் சென்றால் கீர்த்தி கிடைக்கலாம். தம்மை நம்பி வந்த கப்பல்களோ காவலின்றி நிற்கும். ஆகவே சோமர்வில் திரும்பினார். அவருடைய முழு அறிக்கை லண்டன் போய்ச் சேருமுன்பே, ஏன் துரத்தவில்லை என்று கேட்க ஒரு விசாரணைக் குழு நியமிக்கப்பட்டது! கார்க் பிரபுவின் தலைமையில் கூடிய அக்குழு அவர் செய்ததே முறை என்று முடிவு கூறியது உண்மை. என்றாலும், காவற்கடமையைக் கைவிடாத ஒருவரைக் குற்றவாளியைப் போல நிறுத்திக் கேள்வி கேட்கத் துணிந்த அந்த மனோபாவத்தை நான் கண்டிக்கிறேன்.

அவருடைய விவேகத்துக்கு உண்மையான சோதனை 1942-இல், தமிழர் வாழும் கரைகளுக்கு அருகிலேயே வந்தது. கீழைக் கடற்படையின் தலைவராக இலங்கைக்கு வந்த அவரிடம் இருந்த ஐந்து பெரும் போர்க்கப்பல்களில் நான்கு, முதல் யுத்த காலத்தில் கட்டப்பட்டு, வேகம் குன்றி, குடிநீருக்கும் தட்டுப்பாடு கொண்டிருந்தவை. எதிரே ஜப்பானிய அட்மிரல் நகுமோ ஐந்து விமானந்தாங்கிக் கப்பல்களோடு வந்துகொண்டிருந்தார். பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ், ரிபல்ஸ் என்ற இரண்டு பெருங்கப்பல்களை ஜப்பானிய விமானங்கள் மலாயாக் கடலில் மூழ்கடித்து நான்கு மாதங்கூட ஆகவில்லை. விமானங்களின் வல்லமை சோமர்வில்லுக்கு ஏட்டறிவாக மட்டும் இருக்கவில்லை. அட்மிரலாகிய பின்னரும் ஆர்க் ராயல் கப்பலின் விமானங்களில் ஏறிப் பறந்து, விமானி காண்பதைத் தாமும் காணும் வழக்கமுடையவர் அவர். ஆகையால் பகலில் எட்டி விலகியிருந்து, ராடார் பொருத்திய விமானங்களைக்கொண்டு இரவிலே தாக்குவதென்று திட்டமிட்டார்.

அந்த வாய்ப்பு கிட்டவில்லை. ஏப்ரல் 5-ஆம் தேதி கொழும்பும், 9-ஆம் தேதி திருகோணமலையும் குண்டுவீச்சுக்கு இலக்காயின. இடையில் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டுகள் விழ, சென்னைப் பட்டணத்து மக்கள் மூட்டை முடிச்சுகளோடு வெளியூர்களுக்கு ஓடினர். அபாயம் நீங்கிற்றென்று எண்ணி சோமர்வில் பிரித்தனுப்பிய டார்செட்ஷயர், கார்ன்வால் என்ற இரு கப்பல்களும் கொழும்பு தாக்கப்பட்ட அன்றே 424 பேரோடு மூழ்கின. அவற்றின் மாலுமிகள் 1,122 பேர் மறுநாள் வரை கடலில் மிதந்து மீட்கப்பட்டனர். தன்னிடம் ஒரு விமானமும் இல்லாத நிலையில் தாக்கப்பட்ட ஹெர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பல் 307 பேரோடு மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கியது. கப்பல்களைப் பிரித்தது அவருடைய பிழை. அதை நான் குறைத்துச் சொல்ல விரும்பவில்லை. அதன் பின்னர், பழைய கப்பல்களை ஆப்பிரிக்காவின் கிலிந்தினித் துறைமுகத்துக்கு அவர் அனுப்பியபோது, இலங்கையைக் கைவிட்டதுபோல் தோன்றியிருக்கும்.

ஆனால் அவர் காத்த கப்பல்கள் பின்னர் செய்த வேலையைக் கணக்கிட்டுப் பார்க்க வேண்டும். இண்டாமிடபிளும் ராமில்லீஸும் அடுத்த மாதமே மடகாஸ்கரில் படையிறக்கத்துக்குத் துணை நின்றன. வார்ஸ்பைட்டும் ராமில்லீஸும் 1944 ஜூன் மாதம் நார்மண்டிக் கரையில் பீரங்கி முழக்கின. மானத்துக்காக ஒரு பகற்பொழுதில் அவற்றைப் பணயம் வைத்திருந்தால், ஆயிரக்கணக்கான மாலுமிகளும் இந்து மகா சமுத்திரத்தின் வாணிக மார்க்கங்களின் பாதுகாப்பும் சேர்ந்தே போயிருக்கும். வலிமை சேர்ந்த பிறகு தாக்குவதற்கும் அவர் தயங்கவில்லை. 1944 ஏப்ரல் 19-ஆம் தேதி அவருடைய படை சுமத்திராவை அடுத்த சபாங் துறைமுகத்தைத் தாக்கியது. அன்று அவர் தலைமையில் சென்ற கப்பல்களில் பிரான்ஸின் ரிஷ்லியூவும் ஒன்று. மெர்ஸ்-எல்-கெபீரில் பிரெஞ்சுக் கப்பல்களைச் சுட்டவரின் ஆணையின் கீழ், நான்காண்டுகளுக்குள், ஒரு பிரெஞ்சுப் போர்க்கப்பல் சேவை செய்தது.

1945-இல் கப்பற்படையின் அதியுயர்ந்த பதவியைப் பெற்று, 1949-இல் சோமர்வில் காலமானார். அவர் சேவித்த சாம்ராஜ்யத்தின் நோக்கங்களில் நமக்கு உடன்பாடு இருக்க வேண்டுவதில்லை. ஆனால் பொறுமையைக் கோழைத்தனம் என்று ஏசும் தேசத்துக்கு, தன் கீர்த்திக்காகப் பிறர் பிள்ளைகளைப் பலியிடும் தளபதிகளே வாய்ப்பார்கள். எனவே யுத்தப் பேச்சு எழும்போதெல்லாம், ஏன் பாயவில்லை என்று கூச்சலிட்டுத் தளபதிகளை நிர்ப்பந்திக்காமல், விலகி நிற்கும் உரிமையை அவர்களுக்கு விட்டுவைப்பது பத்திரிகைகளுக்கும் பிரஜைகளுக்கும் உள்ள கடமை. கப்பலில் நிற்பவனும் எல்லையில் நிற்பவனும் நம் வீட்டுப் பிள்ளை என்ற நினைவு உண்மையில் நமக்கு இருக்குமானால், அந்தக் கடமை பெரிய பாரமாகத் தோன்றாது.